அத்தை சொல்ல வேண்டிய பேர்

பெண் குழந்தைக்கு வைக்கலாம் என்று ராஜ்குமார் சிங்கப்பூரிலிருந்து ஒரு மூட்டை பேர் கொண்டுவந்திருந்தான். எல்லாம் செல்போனில். ஷன்விகா, த்ரிஷிகா, யஷ்விதா என்று வரிசையாக வாசித்துக்கொண்டே போனான்.

"இதுக்கெல்லாம் என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள் கவிப்ரியா, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"லட்சுமின்னு போட்டிருக்கு."

"எந்தப் பேருக்கு?"

ராஜ்குமார் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "எல்லாத்துக்குமே அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்ல கதைதான். நான் முடிவு பண்ணிட்டேங்க. நீலாயதாட்சி. உங்க அக்கா வந்து, குழந்தை காதுல அவங்க வாயால சொல்லணும்."

குடித்துக்கொண்டிருந்த காபி அவனுக்குப் புரையேறியது. இருமி முடித்ததும் அவன் பார்த்தது பெண்டாட்டியை இல்லை, வாசலை. அப்பா காதில் விழுந்துவிட்டதோ என்று பயம். சிங்கப்பூரில் இருபது மாடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நன்னிலம் பக்கத்தில் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பேருக்கு நடுங்கினான்.

நடுங்கக் காரணம் இருந்தது. அக்கா நீலாயதாட்சி, தன்னோடு காலேஜில் படித்த ஜாஃபர் சாதிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அதிராம்பட்டினம் போய்விட்டாள். சேதி வந்த அன்றைக்கே அப்பா தியாகராசன் வாய்க்காலில் இறங்கித் தலைமுழுகிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து கூடத்தில் நின்று, "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கப்படாது" என்றார். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. கேட்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னாலும் அந்தப் பேர் அங்கே கேட்டதில்லை. அது தியாகராசனைப் பெற்றவளின் பேர். அந்த அம்மாள் நாகப்பட்டினத்துக்காரி. காஞ்சிக்குக் காமாட்சி, மதுரைக்கு மீனாட்சி, காசிக்கு விசாலாட்சி என்பது போல நாகைக்கு நீலாயதாட்சி. நீலப்பூ மாதிரி நீண்ட கண்ணுடையவள் என்று அர்த்தம். மீனாட்சியும் காமாட்சியும் ஊர் ஊராகப் பரவி, ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எங்கே பார்த்தாலும் நின்றார்கள். நீலாயதாட்சி டெல்டாவை விட்டு அதிகம் நகரவில்லை. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை நீட்டும் என்பார்கள். இப்போது எல்கேஜி வகுப்பில் போய்த் தேடினால் கிடைக்காது.

தியாகராசன் ஆசை ஆசையாகத் தாயின் பேரை மகளுக்கு வைத்தார். வைத்த பிறகுதான் சிக்கல். பெற்ற தாயின் பேரைச் சொல்லி மகளை "வாடி" என்று கூப்பிட நாக்கு எழுமா? மாமியார் பேரை மருமகள் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அவர் "அம்மா" என்றார், சீக்கிரமே போய்ச்சேர்ந்த அவர் மனைவி "பாப்பா" என்றாள், தம்பிக்கு அக்கா. அவ்வளவு நீளமான, அவ்வளவு அழகான பேர், பள்ளிக்கூட வாத்தியார் வாயில் மட்டும் புழங்கியது. பிறகு தியாகராசன் அதற்குத் தடையும் போட்டாரே, அது எப்படி இருக்கிறது என்றால், சமைக்காத வீட்டில் அடுப்பை அணைத்த மாதிரி. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பெண் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள், அவள் பேர் இல்லாத குறைகூட அங்கே தெரியவில்லை!

வாழ்க்கைப்பட்டு வந்த கவிப்ரியாவுக்கு இது ரொம்ப நாள் தெரியாது. நாத்தனார் ஒருத்தி இருப்பதையே பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். புருஷனைப் பிடித்து உலுக்கினாள். அவன் செல்போனில் அக்காவின் நம்பரை "இன்சூரன்ஸ்" என்று போட்டு வைத்திருந்தான், வீரன். அன்றிலிருந்து கவிப்ரியா நாத்தனாரை அண்ணி என்று கூப்பிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் திருவாரூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையில் அண்ணி பஸ் ஏறி வந்துவிட்டாள். முதல் தடவையாக நேரில் பார்த்தார்கள். குழந்தையை எடுக்கச் சொன்னால் கை கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். கழுவிவிட்டு வந்து, ஈரம் துடைத்து, ஒற்றை விரலால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். அப்போது வராந்தாவில் தியாகராசனின் குரல் கேட்டது, நர்ஸிடம் ரூம் நம்பர் விசாரித்துக்கொண்டு. அண்ணி கைப்பையைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடினாள். நாற்பது வயசுப் பொம்பளை, பள்ளிக்கூட டீச்சர், திருடியைப் போல ஓடினாள்.

கவிப்ரியா தையல் வலியோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் தூங்கும் பெண்ணைப் பார்த்தாள். நாளைக்கு இவளும் வளர்ந்து, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று வந்து நிற்பாள். அன்றைக்கு இவளையும் வாய்க்காலில் கரைத்துவிடுவார்களா? இவளும் பின்பக்கப் படிக்கட்டில் ஓட வேண்டுமா? முடியாது. இந்த வீட்டில் பெண்ணைத் துடைத்துப்போட முடியாது என்பதை இவள் பேர் வைக்கும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். அந்தப் படுக்கையிலேயே முடிவாகிவிட்டது. ராஜ்குமாருக்குச் சொன்னது தகவலுக்காக.

"வேணும்னா நீலான்னு சின்னதா வச்சுக்கலாம். அப்பாவுக்குச் சொல்லிக்கலாம்" என்று அவன் இறங்கிவந்தான்.

"முழுசா வைக்கணும். பாதி பேரு வச்சா பாதி அக்காதான் உள்ள வர முடியும்" என்றாள்.

மாமனாரிடம் அவளே போனாள். தியாகராசன் வாசல் ரோட்டில் சம்பா நெல்லைக் காயப்போட்டு, காலாலேயே கோடு கோடாகத் துழாவிக்கொண்டிருந்தார். ஈரம் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள்.

"மாமா, பேத்திக்கு உங்க அம்மா பேரை வைக்கலாம்னு இருக்கேன்."

அவர் கால் நின்றது. முகத்தில் ஒரு நிமிஷம் சின்னப் பையனின் சந்தோஷம் வந்ததை அவள் பார்த்தாள். அப்புறம் அது அணைந்தது.

"வேணாம்மா. அந்தப் பேரை ஒருத்திக்குக் குடுத்தேன், தொலைச்சிட்டா. அங்க போயி என்ன பேரை வச்சுக்கிட்டாளோ. எங்க அம்மா பேரு போன எடம் தெரியல."

"தொலைச்சிட்டாங்கன்னு யாரு மாமா சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? ஒலகத்துல நடக்கறதுதானே."

"நீங்க கேட்டீங்களா?"

நெல்லை மறுபடி துழாவ ஆரம்பித்தார்.

"அண்ணியைக் கூப்பிட்டிருக்கேன். பேர் வைக்க வருவாங்க" என்றாள்.

"வந்தா நான் இருக்க மாட்டேன்."

"நீங்க இருக்கணும் மாமா. நீங்க இல்லாம வைக்க மாட்டேன். அவங்க இல்லாமலும் வைக்க மாட்டேன்."

"என்னம்மா, மிரட்டுறியா?"

"ஆமா மாமா" என்றாள் கவிப்ரியா. சொல்லிவிட்டுத் திரும்பி ஓடவில்லை, நடந்துதான் வீட்டுக்குள் போனாள்.

தியாகராசனும் லேசுப்பட்டவரில்லை. குடவாசலிலிருந்து தம்பி மகள் தர்மாம்பாளை வரவழைத்துவிட்டார். முறைக்கு அவளும் குழந்தைக்கு அத்தைதான். ஷன்விகா என்ற பேரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டே தேங்காய் துருவினாள்.

முப்பதாம் நாள் காலை. கூடம் நிறைய சொந்தம். தாய்மாமன் கொண்டுவந்த தொட்டிலுக்குப் பூச்சுற்றி உத்தரத்தில் கட்டியிருந்தார்கள். கவிப்ரியா மணையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தர்மாம்பாள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். வெற்றிலையை மறைவாகப் பிடித்துக் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சொல்லலாம்.

"குழந்தையக் குடும்மா."

"மாட்டேங்க அண்ணி. உங்க மேல கோவமில்ல. அவங்க வந்துடட்டும்."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கவிப்ரியாவின் அம்மா பின்னாலிருந்து முழங்கையில் கிள்ளி, "மானத்த வாங்காதடி, குடு" என்று பல்லைக் கடித்தாள். கவிப்ரியா கையை இறுக்கிக்கொண்டாள்.

"நல்ல நேரம் போகுது" என்றார் தியாகராசன்.

"போகட்டும் மாமா. நல்ல நேரம் நாளைக்கும் வரும். பாப்பாவுக்குச் சொந்த அத்தை ஒருத்தங்கதான்."

"ராஜ்குமாரு! என்னடா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கற?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ராஜ்குமார் வேட்டியைச் சரிசெய்தான், தொண்டையைச் செருமினான். "அக்கா கொரடாச்சேரி தாண்டிட்டாங்களாம்பா" என்றான். அவன் வாழ்க்கையில் அப்பாவை எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். அதுவே கவிப்ரியாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது.

தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வயலுக்குப் போய்விடுவார், பொழுது சாயும்வரை வரமாட்டார். கவிப்ரியா குழந்தையோடு எழுந்து பின்னாலேயே போனாள். "மாமா, நில்லுங்க!"

அவர் நின்றார். அவள் சொன்னதற்காக இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு மகள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, நெற்றி வியர்வை. அப்பாவைக் கண்டதும் அவளும் நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு எட்டுதான் இருந்தது. யாரும் எடுத்துவைக்கவில்லை. அண்ணியின் ஒரு கால் பின்வாங்குவதைக் கவிப்ரியா பார்த்துவிட்டாள். மறுபடி ஓடப்போகிறாள்.

அப்போது ரோட்டோரம் நின்ற காரிலிருந்து ஒரு ஆள் இறங்கிவந்தான். உள்ளே வருவதாக அவனுக்கு உத்தேசமே இல்லை, வெள்ளைச் சட்டையின் கையைக்கூட முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். கையில் ஒரு நகைக்கடைப் பை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று சத்தமாகக் கூப்பிட்டான்.

"நீலாயதாட்சி! கொலுசை வண்டியிலயே விட்டுட்டுப் போறியே!"

கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த தலைகள் அப்படியே நின்றன. ஒரு எழுத்து விடாமல், ஊர் கேட்க, அந்த வாசலில் அந்தப் பேரை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜாஃபர் சாதிக்குக்கு அது தெரியாது. அவன் தினமும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டான்.

தியாகராசன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னமும் அந்தப் பேருதானா?" என்றார். மாப்பிள்ளையோடு அவர் பேசிய முதல் வார்த்தை.

"வேற என்ன பேரு மாமா?" அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். "எங்க வீட்டுல எல்லாரும் முழுசாத்தான் கூப்பிடுவோம். எங்க அம்மா மட்டும் ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறினாங்க, அப்புறம் பழகிட்டாங்க. ஸ்கூல்ல பசங்களுக்கும் நீலாயதாட்சி டீச்சர்தான்."

இத்தனை வருஷமாகத் தொலைந்துபோனதாகத் தியாகராசன் துக்கம் காத்த பேர், அதிராம்பட்டினத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை ஊரார் வாயில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய வீட்டில்தான் அதற்கு நாதியில்லை. அவர் பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்தார். வழி விட்டாரா, தள்ளாடினாரா என்று தெரியவில்லை. கவிப்ரியாவுக்கு அதைப் பற்றி அக்கறையும் இல்லை. "அண்ணி, வாங்க" என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தர்மாம்பாள் எழுந்து இடம் கொடுத்தாள். "வாக்கா. எனக்கு அந்த ஷன்விகா வாய்லயே நுழையல" என்று வெற்றிலையை நீட்டினாள். அவளுக்கு உள்ளபடியே நிம்மதி.

நீலாயதாட்சி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். வெற்றிலையை மறைவாகப் பிடித்தாள். குனிந்து, காதில் வாய் வைத்து மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அழுதுவிட்டாள். கண்ணீர் கன்னத்தில் விழுந்ததும் குழந்தை முகம் சுளித்துக்கொண்டு வீல் என்று கத்த ஆரம்பித்தது.

கவிப்ரியா குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துத் தட்டினாள். அது கத்துவதை நிறுத்தவில்லை. கையில் அகப்பட்ட அவள் தாலிக்கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இழுத்தது.

"நீலாயதாட்சி! விடுடி! கொடியை அத்துடுவ போலிருக்கே!"

பெற்றவள் சுபாவமாகச் சொன்னதுதான். ஆனால் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிலைப்படியைப் பார்த்தார்கள். தியாகராசன் எப்போது உள்ளே வந்தாரோ, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இந்தாம்மா" என்றார், அதட்டலாக. "எங்க அம்மாவை வாடி போடிங்கற வேலையெல்லாம் இந்த வீட்டுல வேணாம். சொல்லிட்டேன்."

நீலாயதாட்சி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான். கவிப்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க மாமா" என்றாள்.