துட்டி வீட்டுப் பசி

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகப் பிறந்தது. ஊர்சுற்றிகளுக்கான ஓர் இணையதளம், காரைக்குடியில் இரவு பத்து மணிக்கு மேல் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று எழுதித் தரச் சொன்னது. எனக்கென்ன வலிக்கிறதா? ஊர் உறங்கிய பிறகு தின்றுகொண்டே திரிந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இலை நிறையப் பரிமாறும் ஓட்டல்கள் எல்லாம் பத்துக்கே சாத்திவிடும். அப்புறம் மிஞ்சுவது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை, ஒரு தள்ளுவண்டி இட்லி, சைக்கிளில் வரும் சுக்குமல்லிக் காபி, செக்காலையில் செம்மலையின் புரோட்டாக் கடை. குடிக்க என்று நீங்கள் வேறெதையோ மனதில் வைத்துக் கேட்டால், அந்த ஷட்டரும் பத்துக்கே இறங்கிவிடும். பாலைக் குடித்துவிட்டுப் போய்ப் படுங்கள்.

செம்மலை கடையில் என் எதிர் பெஞ்சில் ஓர் அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. அம்மாள் ஒரு வாய் மென்று விழுங்கினாள். "நல்லா இருக்குடி" என்றாள். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே அடுத்த வாயையும் பிய்த்தாள்.

இருவரும் ஸ்கூட்டரில் போன பிறகு செம்மலை சொன்னார்: "துட்டி வீட்டுக்காரவுக. ஐயா இன்னும் ஐஸ் பெட்டியிலதான் இருக்காக."

சாவு விழுந்த வீட்டைத்தான் இந்தப் பக்கம் துட்டி வீடு என்பார்கள். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு, பெயர்கள் உட்பட.

2

முதல் தொடக்கம்: செக்காலைத் தெருவில் நிலவு பாலாய்ப் பொழிந்து—

(நிறுத்து. அன்றைக்கு நிலவைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.)

இரண்டாவது: மரணம் என்பது—

(இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானே போய்விடுவேன்.)

மூன்றாவது: தேனம்மைக்குப் பசித்தது.

இது சரி. இதற்கு மேல் பூச்சு வேண்டாம்.

3

தேனம்மை ஆச்சியின் கணவர் லட்சுமணன் அன்று விடியற்காலையில் தவறிப்போனார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தவர். மகன் சத்தியமூர்த்தி அமெரிக்காவிலிருந்து வந்து சேர மறுநாள் மதியமாகும். அதுவரை அவர் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டியதுதான். பிரேதம் வீட்டில் இருக்கிற வரைக்கும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அக்கம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கோயமுத்தூரில் இருக்கிறார். இன்னொரு பக்கத்து வீட்டில் பூட்டுதான் குடியிருக்கிறது.

அதற்காக யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உறவுக்காரர்கள் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார்கள். மத்தியானம் இட்லிப் பொட்டலமும் வந்தது. ஒவ்வொருவரும் அவள் தோளைத் தொட்டு, "ஆச்சி, ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றார்கள். அவள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் பிரேதத்தின் முன்னால் முதல் தடவையே சரி என்கிறவளைப் பற்றி இந்த ஊர் பத்து வருஷம் பேசும். கேட்டவர் இரண்டாவது தடவை கேட்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்காமலே வாயில் ஊட்டிவிட வேண்டும். எங்கும் எழுதிவைக்காத முறை இது.

அன்று வந்தவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். தங்கை பார்த்துக்கொள்வாள் என்று நாத்தனார் நினைத்தாள். நாத்தனார் ஊட்டியிருப்பாள் என்று தங்கை நினைத்தாள். பொழுது சாய்ந்ததும் லாட்ஜுக்கும் பஸ்ஸுக்கும் கலைந்துபோனார்கள். ஒருவர் மேலும் குற்றமில்லை. தேனம்மை வயிற்றில் ஒன்றுமில்லை.

4

முதல் பிரதியில் அவளுக்குச் சர்க்கரை நோய் கொடுத்திருந்தேன். மாத்திரை போட்டாயிற்று, சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவாள் என்று ஒரு பத்தி. எதற்கு? நீங்கள் அவளை மன்னிக்க வேண்டுமென்று. அடித்துவிட்டேன். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. பசித்தது.

இரண்டாவது பிரதியில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தேன், மரியாதையாக. ஆனால் நான் பார்த்த இலையில் கிடந்தது புரோட்டாவும் கோழிச் சால்னாவும். காரியம் முடிகிற வரைக்கும் கவிச்சி ஆகாத வீடு அது. இதை மறைத்தால் கதையே வேண்டாம்.

5

இரவு பதினொன்றை நெருங்கியது. கொழுந்தன் வள்ளியப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். தேனம்மை உள்ளே போய் ஜெசியைத் தொட்டாள். ஜெசி, லட்சுமணனைப் பார்த்துக்கொள்ள வந்த மானகிரிப் பெண். வேலை விடியற்காலையோடு முடிந்துவிட்டது, துணைக்கு இருந்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"இல்ல ஆச்சி."

"எனக்குப் பசிக்குதுடி."

"பிளாஸ்க்ல காப்பி இருக்கான்னு பாக்கவா?"

"காலிடி. அப்பவே பாத்துட்டேன்."

ஜெசி எழுந்து உட்கார்ந்தாள். "நானும் ஒண்ணும் சாப்பிடல ஆச்சி. வண்டி இருக்கு. வெரசா போயிட்டு வந்துருவோம்."

(ஜெசியிடம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த வரியை எழுதும்போதுதான் அது எனக்கே உறைத்தது. அவளுக்குத் தனியாக ஒரு கதை எழுத வேண்டும்.)

"ஐயாவ விட்டுட்டா?"

"சின்னய்யா அங்குட்டு இருக்காகள்ல."

பின்வாசல் வழியாகப் போனார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறார்கள். சும்மா சொல்கிறார்கள். மானம் பறக்கவில்லை, அவளோடு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எதிரே விளக்கு வரும்போதெல்லாம் அவள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

செம்மலை அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "இட்லி இல்லையே ஆச்சி. புரோட்டாதான் இருக்கு. சால்னாவும் கோழி. சீனி வச்சுத் தரவா?"

தேனம்மை முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள். பிறகு, "சீனி வேணாம். அதையே ஊத்துங்க" என்றாள்.

இனி நான் கண்ணால் பார்த்த இடம். அவள் ஏன் அழுதாள்? இரண்டு வருஷமாக அவள் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் சாப்பிட்டுவந்தாள், அவருக்குக் குழாய் வழியாகக் கடைசிக் கஞ்சியை ஏற்றிய பிறகு. வாயில் சோறு இருக்கும். காது அடுத்த அறையில் இருக்கும். இருமினாரா, மூச்சு இழுக்கிறதா என்று பாதி இலையில் எழுந்து ஓடிய ராத்திரிகள் எத்தனையோ. என்ன தின்றோம் என்றே அவளுக்குத் தெரிந்ததில்லை. செம்மலை கடையில் காது தானாகத் தேடியது. கேட்க ஒன்றுமில்லை. சால்னாவின் காரம் நாக்கில் ஏறியது, சோம்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. நிம்மதி என்ற சொல்லை அவள் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

"இன்னைக்கு ருசி தெரியலாமாடி?"

"நாக்குக்கு என்ன ஆச்சி தெரியும். சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

6

முடிவு ஒன்று. நேமத்தான்பட்டியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதே கடைக்குப் பார்சல் வாங்க வருகிறார். அவளைப் பார்த்து அவரும், அவரைப் பார்த்து அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிரிக்கலாம். ஆனால் அது அவர் கதையாகிவிடும். வேண்டாம்.

முடிவு இரண்டு. மகன் வீடியோவில் கூப்பிடுகிறான். கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டு, "எங்கம்மா இருக்கீக?" என்று—

(மகன் விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறான். எப்படிக் கூப்பிடுவான்? கதை எழுதுகிறவனுக்கு இந்த அறிவுகூட வேண்டாமா?)

7

ஆகவே வீட்டுக்கே திரும்பினேன், அவர்களோடு. பின்வாசலில் வண்டியை நிறுத்தி, கை கால் கழுவிக்கொண்டு தேனம்மை உள்ளே வந்தாள். வள்ளியப்பன் நின்றுகொண்டிருந்தார். கையில் மூடிபோட்ட தூக்குவாளி.

"பின்கட்டுல படுத்திருக்கீகன்னு நெனச்சேன் ஆச்சி. முழிப்பு வந்துச்சு. நீங்க காலையிலேருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலன்னு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. அண்ணனத் தனியா விட்டுட்டு டீக்கடை வரைக்கும் ஓடிப்போயி பால் வாங்கியாந்தேன். குடிங்க."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஒத்த வார்த்த கேட்டுட்டு எல்லாரும் விட்டுட்டோம். பெரிய தப்பு. நீங்க குடிக்காம நான் இங்குட்டு நகர மாட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கால் மணி நேரம் லட்சுமணன் ஒருவரும் இல்லாமல் தனியாகக் கிடந்திருக்கிறார். தேனம்மை பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வயிறு நிறைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முன்பு எனக்கே தெரியாது. பேச்சுப் போன அந்த இரண்டு வருஷமும், அவள் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலருகே நின்றதும் லட்சுமணன் ஒரு புருவத்தை உயர்த்துவார். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே என்று அர்த்தம். அவள் சொல்வாள்: ரெண்டு இட்லி, மிளகாப்பொடி. நல்லா இருந்துச்சு. பாதிநாள் அது பொய்தான். அரை இட்லியோடு எழுந்து வந்திருப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கண்ணை மூடுவார்.

வள்ளியப்பன் பாலை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு பதில் வேண்டும். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூச்சுக் காட்டாமல் வாங்கிக் குடித்தாள் என்று எழுதினாலும் சரி, உள்ளதைச் சொன்னாள் என்று எழுதினாலும் சரி, நான் குறுக்கே வரமாட்டேன்.

அது முடிந்ததும் அவள் அந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது என்றும், இந்தத் தடவை நிஜமாகவே, சொல்ல வேண்டும். அதை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். வள்ளியப்பனையும் ஜெசியையும் கூட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் வெளியே வந்து நில்லுங்கள்.