குடிகார மண்

வெனான்சியு தினமும் சாயங்காலம் ஒரு பாட்டிலோடு கரிந்துபோன மேட்டுக்கு ஏறுவதை ஊரே பார்த்தது. யூகலிப்டஸ் தோப்பு தீயில் போன துக்கத்தைக் குடித்துத் தீர்க்கிறார் என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. தெயோலிந்தாவால் மட்டும் அப்படிப் போக முடியவில்லை. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடியதைக்கூட மோப்பத்தில் கண்டுபிடிப்பவள். என்ன சரக்கு என்று தெரியாமல் எப்படித் தூங்குவாள்?

பின்னாலேயே போனாள். மனிதர் குடிக்கவில்லை. மண்டியிட்டு, சாம்பலை விரலால் ஒதுக்கிவிட்டு, பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விட்டுக்கொண்டிருந்தார். வெறும் தண்ணீர். அது மண்ணுக்குள் இறங்காமல் பாதரசம்போல உருண்டு நின்றது.

"முந்தாநேத்து மழை பேஞ்சுதே அண்ணே, தரையெல்லாம் ஈரமா இருந்துச்சே?"

"சாம்பல்தான் நனைஞ்சுது. அடியில கையை வச்சுப் பாரு."

வைத்தாள். மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. மழை வந்ததென்று முந்தாநாள் ஊரோடு சேர்ந்து கைதட்டியது நினைவுக்கு வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இலைச் சருகிலிருந்த மெழுகும் எண்ணெயும் தீயில் ஆவியாகிப் பாதி மேலே போகும், பாதி கீழே மண்ணுக்குள் இறங்கிக் குளிர்ந்து ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்துவிடும் என்றார் வெனான்சியு. பெருமழை வந்தால் தண்ணீர் உள்ளே போகாது. சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு நேரே கீழே, அவர் அண்ணன் மனைவி ஒத்தீலியாவின் அடுப்படிக்குள்தான் போகும். சரிவில் வைக்கோல் பரப்பினால் வேகம் குறையும். வைக்கோலும் வாங்கி வைத்திருந்தார். ஆனால் சரிவின் கீழ்த்துண்டு ஒத்தீலியாவுடையது. அவர் ஒலிவ மரங்களை வெட்டிவிட்டு யூகலிப்டஸ் நட்ட நாளிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. தன் எல்லைக் கல்லைத் தாண்டவும் விடுவதில்லை.

"நீதான் எல்லார் வீட்டுக்கும் சேதி கொண்டுபோறியே. இதையும் கொண்டு போ" என்றார்.

இது பாராட்டா, குத்தலா என்று யோசித்துக்கொண்டே தெயோலிந்தா மடியில் ஒரு பிடி மண்ணோடு இறங்கினாள்.

ஒத்தீலியா முழுவதையும் கேட்டாள். "அவன் வச்ச மரம், அவன் வச்ச வினை. இப்ப என் நிலத்துல வந்து வைக்கோல் போடணுமாக்கும்? நீ சொல்ற கதையை நம்பி நான் கதவைத் திறந்தா ஊரு சிரிக்கும்டி."

பேசிப் பயனில்லை. தெயோலிந்தா மண்ணைத் தட்டில் கொட்டித் தண்ணீர் விட்டாள். தண்ணீர் உருண்டு நின்றது. ஒத்தீலியா விரலால் தொட்டாள். துளி நகர்ந்ததே தவிர இறங்கவில்லை. கரண்டியால் அழுத்தினாள், வெந்நீர் ஊற்றினாள். கோபம் எங்கோ போய், கடைக்காரனின் தராசைச் சோதிக்கிறவளின் முகம் வந்திருந்தது. கடைசியில் அலமாரியிலிருந்த திராட்சைச் சாராயத்தை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். இமைக்கும் முன் மண் அதை உறிஞ்சிக்கொண்டது.

இருவரும் தட்டையே பார்த்தார்கள்.

"தண்ணி வேணாமாம், சாராயம் வேணுமாம். அவங்க குடும்பத்து மண்ணேதான்" என்றாள் ஒத்தீலியா. அவள் சிரித்ததைத் தெயோலிந்தா வெகுகாலம் கழித்துப் பார்த்தாள். பிறகு ஒத்தீலியா ஜன்னலுக்கு வெளியே மேட்டைப் பார்த்தாள். அதன் பின்னால் வானம் இருண்டிருந்தது.

"வரச் சொல்லு. என் பக்கம் நானே பரப்பிக்கிறேன். வைக்கோலை மட்டும் இறக்கிட்டுப் போகட்டும்."

அவர் இறக்கினார், ஆனால் போகவில்லை. மேலே அவர், கீழே அவள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உதறிப் போட்டார்கள். யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் தெயோலிந்தா நடுவில் நின்று இரண்டு பக்கமும் உதறினாள். பாதிகூட முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மேலிருந்து கறுப்பாக ஒரு நீர்க்கோடு நெளிந்து இறங்கி வந்தது. வைக்கோலின் விளிம்பை முட்டியது, நின்றது, மெல்லப் புடைக்க ஆரம்பித்தது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒத்தீலியாவும் வெனான்சியுவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிட்டத்தட்டத் தலையோடு தலை முட்டும் அளவுக்கு.