ஹிபினோ சென்செய் தரும் விலாங்கு விருந்து

எங்கள் ஆய்வகத்தில் யாரையும் வேலையை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். விலாங்கு சாப்பிடக் கூப்பிடுவார்கள். பேராசிரியர் ஹிபினோ, நாங்கள் மரியாதையாகச் சென்செய் என்று கூப்பிடுபவர், கதவருகே வந்து நின்று, மத்தியானம் விலாங்கு சாப்பிடப் போகலாமா என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது. மிகாவா விரிகுடா ஓரம் ஒரு பழைய கடை. கரியில் சுட்ட விலாங்கைச் சோற்றின் மேல் பரப்பி, அரக்குப் பூசிய மரப்பெட்டியில் வைத்துத் தருவார்கள். பெட்டி காலியாகும்வரை அவர் மழையைப் பற்றிப் பேசுவார். டீ வந்ததும், மார்ச்சுக்கு அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம் என்பார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் மினோவா போனான். எனக்கு முன்பே சேர்ந்தவன், என்னைவிட நல்ல ஆராய்ச்சியாளன். இப்போது நகோயாவில் பூனைத் தீனி செய்யும் கம்பெனியில் இருக்கிறான். விருந்து முடிந்து திரும்பி வந்து என் மேஜை மேல் உட்கார்ந்தவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அந்தாள மன்னிச்சிருவேன் சிசா. அந்த விலாங்கு அவ்வளவு ருசியா இருந்துச்சு பாரு, அதத்தான் மன்னிக்க முடியல."

என் முழுப்பெயர் குராமோச்சி சிசா. விலாங்குக் குஞ்சுகள் எப்படி மூச்சு விடுகின்றன என்பது என் ஆராய்ச்சி. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊரே ஆசையாகத் தின்னும் இந்த மீன், தொட்டியில் தானாக முட்டையிடாது. கடலிலிருந்து வரும் குட்டிகளைப் பிடித்துத்தான் பண்ணைக்காரர்கள் வளர்க்கிறார்கள். அந்தக் குட்டிகளோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகின்றன. நாங்கள் பெண் விலாங்குக்கு வாராவாரம் ஊசி போட்டு, வயிறு உப்பியதும் முட்டையைப் பிதுக்கி எடுத்துப் பொரிக்க வைப்போம். குஞ்சுகள் கண்ணாடியில் வெட்டிய இலை மாதிரி இருக்கும். சுறா முட்டைக் கூழ்தான் ஆகாரம். விளக்கைப் போட்டால் பயந்து தொட்டியின் அடிக்குப் போகும். கூழ் அடியில்தான் கிடக்கும். பயந்து ஒளிந்த இடத்திலேயே தின்னும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், பகல் முழுக்க இந்த வேலைதான். இவ்வளவு செய்தும் செத்துப்போகும். காரணம் மூச்சில் இருக்கிறது என்பது என் கட்சி.

சென்ற கோடையில் பொரித்தவற்றில் ஒரு தொட்டி மட்டும் சாகவில்லை. தண்ணீர் ஓடும் வேகத்தை நான் மாற்றி வைத்த தொட்டி அது. இலையுதிர்காலம் போய், குளிரும் பாதி போயிற்று. அதற்குள் என் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. வருகிற கோடைவரை தாங்கினால் இலை உருவம் மாறி உருண்டையான விலாங்குக் குட்டிகள் ஆகிவிடும். எங்கள் ஆய்வகத்தில் அது ஒருமுறைகூட நடந்ததில்லை. என் ஒப்பந்தமோ மார்ச்சோடு முடிகிறது. எனக்கு அந்த ஒரு கோடை வேண்டும். அதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை. விலாங்கின் சினைப்பருவம் தெரிந்திருக்க வேண்டும், குஞ்சுகளின் மூச்சை அளந்த அனுபவம் வேண்டும், கடலோர ஆய்வகத்தில் தங்கி வேலை செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட அறிவிப்பு யாருக்கோ அளவெடுத்துத் தைத்ததாகத்தான் இருக்கும். மற்றவர்கள் விண்ணப்பம் போட்டுத் தபால் செலவை வீணாக்கிக்கொள்வார்கள். படித்ததும் மினோவா போன் செய்தான்.

"உன் செருப்பு சைஸ் ஒண்ணுதான் போடல. மத்தபடி எல்லாம் நீதான்."

அம்மா நல்ல காரியத்துக்கென்று செய்யும் சிவப்புப் பயறு போட்ட சோறு சமைத்து அனுப்பிவிட்டாள். வேலை கிடைத்த பிறகு சமைக்க வேண்டியது அது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ஜனவரி ஆரம்பத்தில் தலைமை வளாகத்தில் நேர்முகம். மீனைத் தொட்டே பார்த்திராத மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீன் மூச்சு விடுவதால் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து பணம் வருமா என்று ஒருவர் கேட்டார். வராது, ஆனால் மீன் வரும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மேஜைக் கோடியில் ஹிபினோ சென்செய் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காத்திருப்பு. முடிவு வரவில்லை. விலாங்கு அழைப்பும் வரவில்லை. மத்தியானம் ஆனால் சென்செய் தன் அறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். என்னைக் கண்டால் நடைபாதையில் வழி மாறிப் போனார். அவர் கூப்பிடாத ஒவ்வொரு நாளையும் எனக்குச் சாதகமாகவே எழுதிக்கொண்டேன். வேலை இல்லையென்றால் இந்நேரம் கூப்பிட்டிருப்பாரே. வெட்கப்படுகிற மனிதர், நல்ல சேதியைக்கூடச் சொல்லக் கூச்சம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போதாததற்கு அந்தப் பொட்டலம். பிப்ரவரி தொடக்கத்தில், மீன் தசைகளை உறையவைக்கும் பெட்டியில் எதையோ தேடினேன். வெள்ளித்தாளில் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்று இருந்தது. மேலே சென்செய் கையெழுத்தில் 'குராமோச்சிக்கு' என்று எழுதியிருந்தது. அடுத்த வருஷம் நான் அளக்க வேண்டிய தசை என்று நினைத்தேன். அடுத்த வருஷத்துக்கு எனக்கு வேலை எடுத்து வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் சைக்கிளில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மாதக் கடைசியில் பொறுமை தீர்ந்துவிட்டது. குஞ்சுகளுக்குக் கூழ் வைத்துக்கொண்டிருந்தபோது சென்செய் தொட்டியறைக்குள் வந்தார், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சென்செய், நாம விலாங்கு சாப்பிடப் போகணுமா?"

"இல்ல," என்றார். "போகப் போறதில்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கடைய மூடிட்டாங்க, குராமோச்சி. புது வருஷத்துக்கு முன்னாடியே. குட்டி வரத்து இல்லையாம், வெல கட்டுப்படியாகலையாம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரட்டப்படுகிறவர்கள் மட்டும் போகும் கடை, அது மூடியது எனக்கு எப்படித் தெரியும்? வேலை இல்லை என்று சொல்ல மனிதருக்கு அந்த ஒரு பாஷைதான் தெரியும். விலாங்கு இல்லாமல் அதுவும் போய்விட்டது.

அந்த வேலையையே தலைமை வளாகத்தில் ரத்து செய்துவிட்டார்களாம். எனக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. அவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், அவரோடு ஆய்வகமும் மூடப்படுகிறது. தொட்டிகளுக்குக் கடல்நீர் ஏற்றும் மோட்டாரை மூடுகிற அன்றே நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ஜனவரியில் என்றார், நேர்முகம் முடிந்த அன்றே.

"குஞ்சுங்க?" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நாளைக்கு மழை வரும்போல இருக்கு."

அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அவ்வளவு வெறுத்ததில்லை. அவர் போய் உறைபெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்தார். பெட்டிக் கதவில் 'உணவுப்பொருள் வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியவரே அவர்தான். வெள்ளித்தாளைப் பிரித்தார். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சுட்ட விலாங்கு. உறைந்து விறைத்துப்போயிருந்தது. நான் அளக்கப்போவதாக நினைத்த தசை.

மைக்ரோவேவில் சூடாக்கினார். கடையில் வாங்கிய சோற்று டப்பா இரண்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். எத்தனை நாளாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து போனாரோ, தெரியவில்லை. சாறு மேஜையில் சிந்தியது. பெரிய துண்டை என் சோற்றின் மேல் வைத்தார். இரண்டு பேரும் தின்றோம். கடைசியில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் வாயைத் திறந்தார், அந்த வழக்கமான கேள்விக்காக. என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ருசியாகத்தான் இருந்தது. உறைந்து கிடந்தது, மலிவானது, அப்படியும் ருசியாக இருந்தது. மினோவா சொன்னது அப்போது புரிந்தது.

அடுத்த தீனிக்கு நேரமாகிவிட்டது. தொட்டியறைக் குழாயில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். விரலை மோந்து பார்த்தேன், வாடை போகவில்லை. மறுபடி கழுவினேன். அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு தண்ணீரில் பட்டாலும் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும்.