வாக்கியத்தின் வாலில் ரெஸ்பெக்டிவ்லி

துடியலூரில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கு இனி ஓர் ஆயா போதும் என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து மாசாணியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் பெருக்கிய வராந்தா. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் கதிர் ஈரோட்டுத் தறிப்பட்டறையே கதி என்று கிடக்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தப் பள்ளி கூப்பிட்டு விளக்குமாறு கொடுக்கும்?

வகுப்புகளுக்கு வெளியே நின்று அவள் கற்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தை ரெஸ்பெக்டிவ்லி. கணக்கு வாத்தியார் முக்கோணத்தின் பக்கங்களை மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்கிவிட்டு அதைச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் எழுதுவார். கெமிஸ்ட்ரியில் ஆசிட், உப்பு என்று வரிசை போட்டதும் அது வரும். பூகோளத்தில் ஆறுகளும் அவை பிறக்கும் மலைகளும் முடிந்த கையோடு அதே. ரெஸ்பெக்ட் என்றால் மரியாதை என்பது யாருக்குத்தான் தெரியாது? நாம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவது போல வெள்ளைக்காரன் இதைப் போடுகிறான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது; எங்கள் பக்கம் மரியாதை வாலில்தான் வரும்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடையாள அட்டையில் பார்த்துப் பழகிய தன் பெயரை மாசாணியம்மாள் கண்டுபிடித்தாள். அதற்கு முன்னால் இன்னொரு ஆயா பங்காரம்மாவின் பெயர். நடுவில் இருந்தது விளங்கவில்லை. கடைசியில், கரும்பலகையில் அவள் நூறு தடவை அழித்த அந்த வார்த்தை.

அவளுக்கு உயிர் வந்தது. "பங்காரு, ரெண்டு பேர்த்தையும் மரியாதையாப் போட்டிருக்காங்க அம்மணி. வேண்டாங்கறவங்களுக்கு ஆராச்சும் மரியாதை வெப்பாங்களா?"

பங்காரம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஆபீஸில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

அந்த வழியே வந்த ஹரிதா டீச்சரை மாசாணியம்மாள் நிறுத்தினாள். "ஏனுங்க டீச்சர், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

படித்ததும் டீச்சரின் முகம் சுருங்கியது. "பங்காரம்மா, மாசாணியம்மாள் ரெண்டு பேர் வேலையும் முறையே தொடரும், முடியும்னு போட்டிருக்குதுங்க. முறையேன்னா மொதப் பேருக்கு மொத வார்த்தை, ரெண்டாவதுக்கு ரெண்டாவதுங்க."

மாசாணியம்மாள் தாளில் விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப என்ற பேரை மொதல்ல எழுதியிருந்தா நான் இருந்திருப்பனுங்களா?"

"இல்லீங்க ஆயா," என்றாள் டீச்சர். "அப்ப வார்த்தையையும் மாத்தி எழுதியிருப்பாங்க."