நாற்பத்தெட்டு நாள் நடை

எங்கள் ஊரிலிருந்து திருத்தணிக்கு இரண்டரை மைல். என் மகள் மணியம்மை பத்து வயதிலிருந்து அந்தத் தூரத்தை நடந்துதான் பள்ளிக்கூடம் போனாள். காலில் செருப்பு கிடையாது, கையில் பை, தூக்கில் பழைய சோறு. ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு போனதில்லை. பதிமூன்றாவது வயதில், ஆவணி மாதம், பெரியவளானாள். அன்று பிடித்தது சனி.

"இனிமே நடக்கிற வேல வாணாம். கூண்டு வண்டி கட்டி அனுப்பறன்" என்றார் என் வீட்டுக்காரர். "கஜபதி பொண்ணு ரோட்டுல நடந்து போவுதுன்னு ஒருத்தன் பேசக்கூடாது."

படிப்பை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அதற்கே எனக்கு வாயெல்லாம் பல். வண்டியில் போகட்டுமே, மகாராணி மாதிரி, என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டில் இருந்தது ஒரே ஜோடி மாடு. அந்த ஜோடிதான் கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும். பொழுது விடியுமுன் பூட்டினால், கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்து முடிய ஒன்பது மணி ஆகும். பிறகு மாடு தண்ணீர் குடிக்க வேண்டும், வைக்கோல் தின்ன வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அதற்கப்புறம் வண்டி. மணியம்மை எட்டு மணிக்கே தலை பின்னிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்திருப்பாள், மாடில்லாத வண்டியில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடம் பத்து மணிக்கு. இவள் போய்ச் சேரும்போது பதினொன்று. வாத்தியார் வெளியே நிற்க வைத்தார். பிறகு காலை வருகையே போடுவதில்லை என்றார். வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்று தை மாதம் சொல்லி அனுப்பினார்.

"நடந்தா முக்கா மணி நேரம்" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "உங்க வண்டியும் மாடு நடக்கிற வேகத்துலதான போவுது? உள்ள உக்காந்துகினு போனா இன்னா, வெளியே நடந்து போனா இன்னா?"

"இன்னாவா? நாலு பேரு பாப்பான்."

"அந்த நாலு பேரு வந்து கவல இழுப்பானா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். பேச்சில் மாட்டிக்கொண்டால் அவருக்குக் கிணற்றடியில் உடனே ஒரு வேலை முளைத்துவிடும்.

தைக் கிருத்திகை வந்தது. ஊரே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பியது. அவர் காவடி எடுத்தார். பின்னால் நானும் மணியம்மையும் பால்குடத்தோடு நடந்தோம். பட்டப்பகல், அதே ரோடு, அதே இரண்டரை மைல். நாலு பேரென்ன, நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் தண்ணீர் கொடுத்தவர்கள் என் மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமிக்கு நடந்தால் பக்தி, படிக்க நடந்தால் மானக்கேடு. எந்த ஊர் நியாயம் இது?

படி ஏறும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. மறுநாள் காலை மணியம்மைக்கு மஞ்சள் பாவாடை, தாவணி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, ஊரார் காதில் விழும்படி சொன்னேன்: "நாப்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம் வேண்டுதல். தினமும் நடந்து போயி அடிவாரத்துல முதல் படிக்குக் கற்பூரம் ஏத்தணும்."

பள்ளிக்கூடமும் அந்த அடிவாரத்தில்தான் இருந்தது.

அவர் வழக்கம்போல் மாடு பூட்டப் போனார். மஞ்சள் கட்டியவளை நிறுத்த எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிவு வராது. என்ன வேண்டுதல் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பார்கள். விறகு விற்கத் தினமும் திருத்தணிக்குப் போகும் எல்லம்மாள் துணைக்கு வந்தாள். அவள் நாற்பது வருஷமாக அந்த ரோட்டில் நடப்பவள். அவளை எந்த நாலு பேரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மணியம்மை ஒன்பதரைக்குக் கற்பூரம் ஏற்றுவாள், பத்துக்கு வகுப்பில் இருப்பாள். பொய்யில்லை, கற்பூரத்தை ஒரு நாளும் விட்டதில்லை. மாதத்தில் தள்ளி உட்காரும் நாட்களை மட்டும் கழித்து, மறுபடி எண்ணிக்கையைத் தொடர்ந்தோம். வாத்தியார் வருகை போட்டார். பங்குனியில் பரீட்சை என்றும் இவள் எழுதலாம் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் எல்லாரையும்விட நானே கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், அவருடைய பங்காளி வீராசாமி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார். "அண்ணி, நாளைக்குத் திருவாலங்காட்டுலருந்து பொண்ணு பாக்க வராங்க. காலையில ரயில்ல எறங்கறாங்க" என்றார்.

"யார் பொண்ண?"

"இன்னா அண்ணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க. வயசுப் பொண்ணு மண்டலம் நடந்தா எதுக்குன்னு ஊருக்குத் தெரியாதா? நல்ல மாப்பிள்ள வரணும்னுதான? முருகன் குடுத்துட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லாமல் விட்ட இடத்தை ஊரே கூடி நிரப்பி வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவரும் இத்தனை நாள் அதையேதான் நினைத்திருக்கிறார்.

"நாளைக்குப் பரீட்ச" என்றேன்.

"பரீட்ச அடுத்த வருசமும் வரும். திருவாலங்காட்டு சம்பந்தம் வருமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மண்டலம் முடிய இன்னும் ரெண்டு நாள் கீது."

"நாளைக்கு ஒரு நாள் நின்னா முருகன் கோச்சுக்க மாட்டாரு. அவரு அனுப்பினவங்கதான வராங்க."

"நான் படிப்புக்குத்தாங்க வேண்டிகினேன். கல்யாணத்துக்கு இல்ல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சாமி பேரச் சொல்லி என்ன ஏமாத்தினியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடியும்போது மாடு குளித்திருந்தது. கொம்புக்கு எண்ணெய், கழுத்துக்குச் சலங்கை. கூண்டுக்குள் ஜமக்காளம். கரும்பு காயட்டும், கவலை ஒரு நாள் கிடக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். ஐந்து மாதம் என் மகளுக்கு எட்டு மணிக்குக் கிடைக்காத மாடு, முகம் தெரியாதவர்களுக்கு ஆறு மணிக்குக் கிடைத்தது. வண்டி ஸ்டேஷனுக்குப் போவதைப் பார்த்தேன்.

அடுப்பில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மணியம்மை பட்டுப்பாவாடையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அழவில்லை. "எல்லம்மா போயிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சட்டியை இறக்கி வைத்தேன். "மஞ்சளையே கட்டிக்க" என்றேன்.

கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில், திருவிழா இல்லாத ஒரு நாளில் நான் அந்த ரோட்டில் நடந்தது அன்றுதான். பாதி வழியில் சலங்கைச் சத்தம் கேட்டது. எதிரே எங்கள் வண்டி. வண்டியின் முன்னால் அவர் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒதுங்கப் புளியமரம்கூட இல்லாத இடம். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் நடந்தேன். மணியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூண்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "பொண்ணு லட்சணமா கீது. உங்க ஊருங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். புழுதி படிந்த காலையும் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார். "யாரோ நடந்து போறவங்க."

வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. பிறகு மணியம்மை, "நைனா நம்பள தெரியாதுன்னு சொல்லிட்டாரும்மா" என்றாள்.

"கேட்டுச்சு. நட, மணி ஆவுது."

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவளை உள்ளே அனுப்பினேன். திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் பள்ளிக்கூடச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ஆத்திரம் தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு மணிக்கு மேல் பரீட்சை முடிந்து அவள் வெளியே வருவாள். வந்தபின் அவளை எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.