படத்தில் சிரித்த மிருதுளா

டெலிபோன் அலறியது. ஊதுபத்தி கொளுத்தி, கண்களை மூடி, கற்பனைக்காகக் காத்திருந்த எழுத்தாளர் உத்தமன் நாற்காலியோடு துள்ளினார்.

சென்னையிலிருந்து, அவர் தொடர்கதை வெளிவரும் வார இதழின் உதவி ஆசிரியர் சேஷகிரி.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? இந்த வாரம் கதாநாயகி மிருதுளாவை மலையிலேர்ந்து தள்ளிக் கொன்னுட்டீங்களே!"

"உணர்ச்சி வேகம் சேஷகிரி. பேனா என் பேச்சைக் கேக்கல."

"எங்க கலர் பக்கமும் கேக்காது சார். நீங்க எப்பவும் லேட்டுன்னு முன்கூட்டியே படத்தை அச்சடிச்சு வெச்சிட்டோம். அடுத்த வாரப் படத்துல மிருதுளா ஆட்டோவுல உக்காந்து சிரிக்கிறா. உங்க தெரு ஃபேக்ஸ் கடைக்குப் படம் அனுப்பியிருக்கேன். நாலு மணிக்குள்ள அதுக்கேத்த அத்தியாயம் வரணும். இல்லேன்னா வேற ஆள் எழுதித் தொடரை முடிச்சிடுவாரு."

உத்தமனிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு தொடர்தான். அதன் பெயரைச் சொல்லித்தான், 'கற்பனை ஊற்றெடுப்பது எப்படி?' என்று தமிழ்ச் சங்கத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

நேராக அல்சூர் ஏரிக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தால் கதை வரும் என்பது அவர் பேசப்போகும் முதல் பாயிண்ட். பார்த்தார். செத்தவள் ஆட்டோவில் எப்படிச் சிரிப்பாள்? ஆவியா? ஆவிக்கு எதற்கு ஆட்டோ? இரட்டைச் சகோதரியை ஆறாம் அத்தியாயத்திலேயே செலவழித்தாயிற்று. கனவு மூன்று முறை வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் ஏரி அவருக்குத் தந்தது கொசுக்கடி மட்டுமே.

மூன்று மணிக்கு ஃபேக்ஸ் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரி ஜோசஃபின் வாடிக்கையாளர் ஒருவரிடம், "ஒந்து நிமிஷா" என்று கன்னடத்தில் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் படத்தை நீட்டினாள். தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள்.

"என்ன சார், மூஞ்சி செத்துக் கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்குப் போயா? பொணத்துக்கு மூஞ்சி சிதைஞ்சிருச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க? சேலையைப் பாத்துப் புருஷன் அடையாளம் சொன்னான். எந்த ஆம்பளைக்கு சார் பொண்டாட்டி சேலை ஞாபகம் இருக்கு? எங்க வீட்டுக்காரர் ரெமிஜியஸுக்கு என் கல்யாணச் சேலை கலரே தெரியாது. மிருதுளா புருஷன் சொன்னது பொய். அது வேற யாரோட பொணமோ!"

உத்தமன் கவுன்டரில் நின்றபடியே எழுதினார். ஒவ்வொரு தாளாக ஜோசஃபின் பிடுங்கி ஃபேக்ஸில் செருகினாள். கடைசித் தாள் போனபோது நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நன்றி சொல்ல அவருக்கு நேரமில்லை.

இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். செயலாளர் கோதண்டராமன் கேட்டார்: "அந்தச் சேலைத் திருப்பம் பிரமாதம் சார்! எப்படி உதிச்சுது?"

உத்தமன் கூரையைப் பார்த்தார். "அல்சூர் ஏரிக்கரை. தனிமை. அலைகள் என்னோடு பேசின. வேறு எவர் துணையும் எழுத்தாளனுக்குத் தேவையில்லை."

கைதட்டல் அடங்கியது. கடைசி வரிசையில் ஜோசஃபின் எழுந்தாள்.

"சார், அடுத்த வாரப் படம் கடைக்கு வந்திருச்சு. மிருதுளா கையில பச்சைக் குழந்தை. ஏரிக்குப் போறீங்களா, கடைக்கு வர்றீங்களா?"