எட்டிலிருந்து இரண்டு

ஹெட்போன் செத்துப் போயிருந்தது.

அகிலா பொத்தானை அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. காலையில் சார்ஜ் போட மறந்திருக்கிறாள். ஆனால் அதை அரை மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருந்த பழனி, இப்போதுதான் சொல்லி முடித்தார்.

"பாட்டு ஜோரா இருந்துது பாப்பா. வலி எட்டு இருந்துது, இப்ப ரெண்டு."

திருப்பதியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை, கீமோ வார்டு. பாட்டு கேட்டால் வலி குறைகிறதா என்பதுதான் அகிலாவின் ஆராய்ச்சி. மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டின்படி சிலருக்குப் பாட்டு, சிலருக்கு வெறும் ஓய்வு. முன்னும் பின்னும் வலிக்குப் பத்துக்குள் ஒரு எண் கேட்டு எழுத வேண்டும்.

பழைய தாள்களைப் புரட்டினாள். நகரியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஆறு பேர். பாட்டு கேட்ட மூவரும் எட்டு, இரண்டு. ஓய்வெடுத்த மூவரும் எட்டு, எட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பழனியின் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. பவர்லூமில் முப்பது வருஷம் ஓடிய கை. கணுக்கள் வெளுத்திருந்தன.

இதுவா இரண்டு?

"பாட்டே ஓடல நைனா," என்றாள்.

பழனி மனைவியைப் பார்த்தார். கன்னியம்மாள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

"பாட்டு வருதான்னு பாத்துட்டு தலைய ஆட்டுய்யான்னு சொன்னேன். கேட்டியா?"

"சும்மா இரு."

"இன்னா சும்மா இரு? பாப்பா, பஸ்ஸுலயே பேசி வச்சிக்கினுதான் வரோம். நம்பர் எறங்குனாத்தான் உனக்கு பரீட்சைல மார்க்குன்னு இவருதான் சொன்னாரு. பாட்டு இல்லாத மாசிலாமணிக்கும் சொல்லிக்கீறோம். அவரு எட்டுலயே நிப்பாரு."

அகிலா சிரித்துவிட்டாள். பிறகு கம்பியில் இருந்த கையைப் பார்த்தாள்.

"நெசமா இப்ப எவ்ளோ நைனா?"

பழனி கம்பியிலிருந்து கையை எடுத்துப் போர்வைக்குள் ஒளித்தார்.

"ஒம்போது," என்றாள் கன்னியம்மாள். "மூணு வாரமா சரியா துன்றதே இல்ல."

போன முறை தாளில் இருந்த அந்த இரண்டைப் பார்த்துத்தான் டாக்டர் வலி மாத்திரையை ஏற்றாமல் விட்டிருந்தார். எழுதியது அகிலாவின் கை.

டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வேதாச்சலம்தான் அவளுடைய ஆராய்ச்சிக்கும் வழிகாட்டி. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். "ஆறு பேர் டேட்டாவும் போச்சு சார். ஆறு மாச வேலை."

அவர் முதலில் மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

"இதை உடனே குடுத்துடு. அப்புறம் நடந்ததை அப்படியே எழுது, மறைக்காதே. உன்மேல பிரியம் இருக்கற ஆளுங்ககிட்ட நீயே நம்பர் கேட்டா இப்படித்தான் வரும். யாருக்குப் பாட்டு, யாருக்கு ஓய்வுன்னு தெரியாத ஒருத்தர் கேக்கட்டும்."

அடுத்த கீமோ. ஹெட்போனைக் கழற்றி ஒளித்த பிறகுதான் பக்கத்து வார்டு நர்ஸ் சுனில் உள்ளே போனான். தெலுங்கில் கேட்டான், எழுதினான், வந்துவிட்டான்.

பழனி அகிலாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். முகத்தில் குற்றவாளிக் களை.

"கோச்சிக்காத பாப்பா. மாத்திரைல வலி நல்லா கொறஞ்சிக்கீது. முன்னாடி ஆறுன்னேன். பாட்டு கேட்டதும் அஞ்சு. ஒண்ணுதான் எறங்குச்சு. உன்ன ஃபெயிலாக்கிடுவாங்களா?"

"மாட்டாங்க நைனா. இந்த நெசமான ஒண்ணுக்குத்தான் நான் அலைஞ்சிக்கினு இருக்கேன்."

கன்னியம்மாள் அவள் கையில் இரண்டு ஆரஞ்சுச் சுளைகளை வைத்தாள்.

"அப்படியே மாசிலாமணிகிட்டயும் நெசத்த சொல்லலாம்னு நீயே ஒரு வார்த்த சொல்லிடு. நாங்க சொன்னா நம்பல. அந்த மனுசன் இன்னும் எட்டுலயே நின்னுக்கினு கீறாரு."